வேளையறிந்து பொருள் சேர்த்தவர்

புத்தளத்திலிருந்து கற்பிட்டி நோக்கிச் செல்லும் வீதியோரத்தில் சிறிது நேரம் நிற்பவர், இறால் ஏற்றிய வண்டியிலும் மரக்கறி ஏற்றிய லொறியிலும் டொயோட்டா என்னும் ஒரே பெயரைக் காண்பர். அப்பெயரில் தமிழாசிரியனாகிய என்னைக் கவர்ந்த நுட்பம் ஒன்றுண்டு. குடும்பப் பெயர் டொயோடா என்பதே. 1936ஆம் ஆண்டில் வண்டிக்குப் பெயர் தேர்ந்தபோது, ஈற்றெழுத்தின்மேல் இடும் இரு சிறு கீற்றுகளை நீக்கி அதனை வல்லோசை ஆக்கினர். நாம் ஒற்று மிகுத்துப் பெறும் ஓசையை அவர்கள் கீற்றைக் களைந்து பெற்றனர். மிகையைக் களைதல் அவ்வில்லத்துக்கு இயல்பு போலும்!

டொயோடா கீச்சிரோ 1894 யூன் 11இல் பிறந்தார். தந்தை சாக்கிச்சி ஒரு தச்சரின் மைந்தர். தறியே தவமாக வாழ்ந்தவர். தோக்கியோப் பல்கலைக்கழகத்தில் இயந்திரவியல் கற்று 1920இல் வெளிவந்த மகனும் அத்தறி வேலையிலேயே புகுந்தார். 1924இல் நிறைவெய்திய அவர்களது தானியங்கித் தறி, நூலிழை அறுந்தவுடன் தானே நின்றுவிடும். பழுதான துணியை நெய்து குவிப்பதினும் நின்றுவிடுதல் மேல் என்று கருதிச் செய்த தறி அது. அதன் உரிமையை 1929இல் இங்கிலாந்தின் ஓல்டாம் நகர்ப் பிளாட் சகோதரர் கம்பெனிக்கு 100,000 பவுணுக்குப் பேசி முடித்தவர் கீச்சிரோ. அப்பயணத்தில் அவர் கண்ணும் கருத்தும் மோட்டார்த் தொழிலின்மேற் படிந்தன. மறு ஆண்டு தந்தையார் மறைந்தார். 1933இல் தறித் தொழிற்சாலையில் மோட்டார்ப் பகுதியொன்று தோன்றியது. அமெரிக்கச் செவர்லே வண்டியொன்றை வாங்கி ஆணி ஆணியாகப் பிரித்துக் கற்றனர். 1937இல் மோட்டார்க் கம்பெனி தனியே பதிவாயிற்று.

கோறோமோ என்னும் ஊரில் 1938இல் திறந்த தொழிற்சாலையிலேதான் கீச்சிரோவின் அறிவு முழுதும் விளங்கிற்று. கார் ஒன்றுக்கு ஆயிரக்கணக்கான உறுப்புகள் வேண்டும். வண்டிகள் வரிசையாக நகர்ந்துவர, ஒவ்வோரிடத்திலும் ஒவ்வோர் உறுப்புப் பூட்டப்படும். ஒரு திருகாணி வந்து சேராவிடினும் வரிசை முழுதும் நிற்கும். ஆகவே எல்லாவற்றையும் மலையெனக் குவித்து வைப்பதே காவல் என்று பலரும் நம்பினர். கீச்சிரோ மறுத்தார். குவியலில் முடங்குவது பணம். அமைப்புச் சிறிது மாறினாலும் குவியல் இரும்புத் துண்டாகிவிடும். குவியலின் அடியிற் கிடக்கும் பழுது, பல மாதம் கழித்தே வெளிப்படும். ஆதலால் அன்றன்றைக்கு வேண்டியது, வேண்டிய அளவில், வேண்டிய வேளையில் மட்டும் வருக என்பது அவர் ஆணை. அதனைப் பணியாளருக்கு விளக்க அவர் எழுதிய கையேடு ஏறத்தாழ நான்கு அங்குலத் தடிப்புடையது என்பர். மிகையைக் களைந்தவர் நூலில் மட்டும் களையவில்லை!

நம் கரையிலே உப்பளத்தைப் பார்த்தவருக்கு இது புதிதன்று. கடல்நீர் பாத்தி பாத்தியாக முற்றிச் செல்கிறது. அடுத்த பாத்தி ஏற்கும் நிலைக்கு வருமுன் மடையைத் திறப்பவன் உப்பைக் கெடுப்பான். காலம் தாழ்த்தியவனும் கெடுப்பான். எனினும் இம்முறை எங்கும் செல்லாது. அதே கரையில் நுரைச்சோலை அனல்மின் நிலையத்துக்கு வரும் நிலக்கரிக் கப்பல், தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் கரைக்கு இறக்க இயலாது. கடல் அமைதியான மாதங்களிலேயே மலையாகக் குவித்தாக வேண்டும். வழி திறந்திருக்கும் என்னும் உறுதியுள்ள இடத்திலேதான் கீச்சிரோவின் கணக்கு நிற்கும். போர் அவ்வுறுதியைப் பறித்தது. மூலப்பொருள் அரசின் பங்கீட்டுக்குட்பட்டபோது, எது என்று வரும் என்பதை யார் அறிவார்? அவர் முறை தளர்ந்தது.

போருக்குப் பின் அதனை மீட்டவர் ஓனோ தாயிச்சி. முன்னிலையார் பின்னிலையாரிடம் தள்ளிவிடும் வழக்கத்தை அவர் தலைகீழாக்கினார்; பின்னிலையார் தமக்கு வேண்டியதை முன்னிலையாரிடம் வந்து எடுத்துச் செல்லலாயினர். எடுத்த அளவைக் காட்டும் சீட்டொன்று திரும்பிச் சென்று, அவ்வளவே மீண்டும் செய்க எனப் பணிக்கும். கான்பான் என உலகறிந்தது அச்சீட்டே.

கீச்சிரோ அதன் முழு விளைவைக் காணவில்லை. 1949இல் யப்பானில் பணமுடை உண்டாயிற்று. வண்டிகள் விலைபோகாது தேங்கின. உறுப்புகளைத் தேங்கவிடாதவரின் முற்றத்தில் வண்டிகளே தேங்கின! ஊதியத்திற் பத்திலொரு பங்கைக் குறைக்கத் தொழிலாளர் இசைந்தனர்; எவரையும் நீக்குவதில்லை என்று நிருவாகம் அதற்கு ஈடாக உறுதி தந்தது. அவ்வுறுதி நிற்கவில்லை. 1950 ஏப்பிரலில் வேலைநிறுத்தம் மூண்டது. முடிவில் சுமார் 2,000 பேர் வேலை துறந்தனர். தலைவராயிருந்த கீச்சிரோவும் அவ்வாண்டு யூன் மாதத் தொடக்கத்தில் பதவி துறந்தார். ஆட்குறைப்பைப் பிறர் கையால் முடித்துவிட்டுத் தாம் ஆசனத்தில் அமர்ந்திருக்க அவர் விரும்பவில்லை. இச்செயலையே அவருடைய கண்டுபிடிப்புகளினும் உயர்வாக நான் மதிக்கிறேன்.

அம்மாதம் 25ஆம் நாள் கொரியப் போர் மூண்டது. அமெரிக்கப் படைக்கு லொறிகள் வேண்டப்பட்டன. யூலையில் மட்டும் 1,000 லொறிகளுக்கு ஒப்பந்தமாயிற்று. தொழிற்சாலை உயிர் பெற்றது. அவருக்குப் பின் தலைமையேற்ற இசிடா தாயிசோ, பொறுப்பைத் திரும்ப ஏற்குமாறு அவரை வேண்ட, கீச்சிரோவும் இசைந்தார். பதவியேற்கு முன், 1952 மார்ச்சு 27இல், மூளையில் இரத்தம் கசிந்து தமது 57ஆம் வயதில் மறைந்தார். ஏழாண்டு கழித்து, கோறோமோ நகரம் தன் பழம்பெயரை விட்டு டொயோட்டா எனப் பெயர் பூண்டது.