எஞ்சின் லீக் ஆனால் ரிப்பேரா, புதுசா? ஃபெலிக்ஸ் வாங்கெலை விடாமல் துரத்திய கேள்வி

எண்ணூர் பக்கம் கண்டெய்னர் லாரி வைத்திருப்பவர்களுக்குப் பழகிப்போன கேள்விதான். வண்டி புகை தள்ளுது, ஆயில் குடிக்குது. எஞ்சினை இறக்கி வேலை பார்ப்பதா, வேறு எஞ்சின் போடுவதா? பிஸ்டன் எஞ்சின் என்றால் ரிங் மாற்றலாம், ஸ்லீவ் மாற்றலாம், லேத் பட்டறையில் கொடுத்து போர் செய்யலாம். பெரும்பாலும் தேறிவிடும். ஆனால் பிஸ்டனே இல்லாத ரோட்டரி எஞ்சினில் இதே கேள்வி ஒரு கார் நிறுவனத்தையே ஆட்டம் காண வைத்தது.

அந்த எஞ்சினுக்குச் சொந்தக்காரர் ஃபெலிக்ஸ் வாங்கெல். 1902-ல் ஜெர்மனியின் லார் நகரில் பிறந்தவர். அப்பா முதல் உலகப் போரின் தொடக்கத்திலேயே இறந்துவிட, காலேஜ் போகக் காசில்லை. ஹைடல்பர்க்கில் ஒரு புத்தக நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டே, 1924-ல் சின்னதாகப் பட்டறை போட்டார். இன்ஜினீயரிங் பட்டம் கிடையாது. கிட்டப்பார்வையால் டிரைவிங் லைசென்ஸும் கடைசிவரை எடுக்கவில்லை!

அவர் கெட்டிக்காரராக இருந்தது சீல் விஷயத்தில். அடைக்க வேண்டிய வாயுவின் அழுத்தத்தையே சீலை இறுக்கப் பயன்படுத்தலாம் என்பது அவர் கண்டுபிடித்த சூட்சுமம். அந்தத் திறமை பி.எம்.டபிள்யூ வரை கொண்டுபோனது. பிறகு ஹிட்லர் அரசின் விமானத் துறைக்கும். இதைப் பூசி மெழுக முடியாது. இளம் வயதிலேயே நாஜிக் கட்சியில் இருந்தார், கட்சித் தகராறில் 1933-ல் ஜெயிலுக்கும் போனார், 1940-ல் எஸ்.எஸ். படையில் சேர்ந்தார், 1942-ல் நீக்கப்பட்டார். போர் முடிந்ததும் பிரெஞ்சுக்காரர்கள் அவரைப் பிடித்து வைத்தார்கள், பட்டறையையும் பிரித்துப்போட்டார்கள்.

1951-ல் என்.எஸ்.யூ. நிறுவனம் கைகொடுத்தது. 1957 பிப்ரவரியில் முதல் ரோட்டரி எஞ்சின் ஓடியது. அதே சமயத்தில் நம்ம வடசென்னையில், திருவொற்றியூரில் என்ஃபீல்டும் எண்ணூரில் அசோக் லேலண்டும் பிஸ்டனை நம்பித் தொழிலைத் தொடங்கியிருந்தன. எது பிழைத்தது என்பது இன்று ரோட்டில் தெரிகிறது.

வாங்கெலின் முதல் எஞ்சினில் ரோட்டரோடு சேர்ந்து உள்கூடும் சுற்றும். ஸ்பார்க் பிளக் மாற்றவே எஞ்சினைப் பிரிக்க வேண்டும். ஹான்ஸ் டீட்டர் பாஷ்கே என்ற இன்ஜினீயர் கூட்டை அசையாமல் நிறுத்தி, ரோட்டரை மட்டும் சுற்ற வைத்தார். தன்னுடைய பந்தயக் குதிரையை உழவு மாடாக்கிவிட்டதாக வாங்கெலுக்கு வருத்தம். ஆனால் உலகம் ஓட்டியது அந்த உழவு மாட்டைத்தான்.

சிக்கல் எங்கே? ரோட்டர் முக்கோண வடிவம். மூன்று முனையிலும் ஒவ்வொரு சீல், பக்கவாட்டிலும் சீல்கள். முனை சீல் கூட்டின் உட்சுவரை உரசிக்கொண்டே ஓடும். அது தேய்ந்தால் கம்ப்ரஷன் போச்சு. சுவரில் கோடு விழுந்தால் இன்னும் மோசம். உருண்டையாக இல்லாத அந்த வளைவை சிலிண்டர் மாதிரி போர் செய்து சரிக்கட்ட முடியாது.

1967-ல் வந்த என்.எஸ்.யூ. ஆர்ஓ 80 காரில் இதுதான் நடந்தது. 1968-ன் ஐரோப்பியச் சிறந்த கார் விருதை வாங்கிய வண்டி, முனை சீல் தேய்ந்து சீக்கிரமே படுத்தது. டீலர்களுக்கு இந்த எஞ்சின் பழக்கமில்லை. நிறுவனம் வாரண்டியில் முழு எஞ்சினையே மாற்றிக் கொடுத்தது. எதிரே இன்னொரு ஆர்ஓ 80 வந்தால், எத்தனையாவது எஞ்சின் என்று விரல் காட்டிக்கொள்வார்களாம். 1969-ல் என்.எஸ்.யூ., வோக்ஸ்வேகன் குடைக்குள் போய்விட்டது. பின்னாளில் சில உரிமையாளர்கள் ஃபோர்டின் வி4 பிஸ்டன் எஞ்சினைப் பொருத்திக்கொண்டார்கள். வாங்கெலுக்கு இதைவிடப் பெரிய அவமானம் இருக்க முடியாது.

ஹிரோஷிமாவில் மாஸ்டா வேறு வழியில் போனது. கென்இச்சி யமமோட்டோவின் குழு, சுவரில் விழுந்த அலை அலையான கோடுகளுக்குச் சாத்தானின் நகக்கீறல் என்றே பெயர் வைத்து, கார்பன்-அலுமினியம் சீல் செய்து அதை அடக்கியது.

ரோட்டரி மெக்கானிக்குகள் இன்று முதலில் பார்ப்பது கம்ப்ரஷன். சாதாரண கேஜ் போதாது. ரோட்டரின் மூன்று முகத்தையும் தனித்தனியாகக் காட்டும் கருவி வேண்டும். கூலன்ட் குறைந்து, ஸ்டார்ட் செய்யும்போது வெள்ளைப் புகை வந்தால், கூடுகளுக்கு நடுவே உள்ள ரப்பர் சீல் போயிருக்கலாம். எப்படி இருந்தாலும் எஞ்சினைப் பிரித்தாக வேண்டும். சுவர் சுத்தமாக இருந்தால் சீல் மாற்றிப் பூட்டிவிடலாம். சுவர் கீறியிருந்தால் கூட்டையே மாற்றணும். செலவு எகிறும், அப்போது வேறு எஞ்சின் தேடுவதே லாபம்.

1971-ல் வாங்கெல் தன் நிறுவனப் பங்குகளை லண்டனின் லோன்ரோவுக்கு விற்றுப் பணக்காரரானார். ஆராய்ச்சியை விடவில்லை. 1988 அக்டோபர் 9-ல், தன் முதல் பட்டறை இருந்த ஹைடல்பர்க்கிலேயே இறந்தார். மூன்று வருடம் கழித்து, நான்கு ரோட்டர் கொண்ட மாஸ்டா 787பி, லெ மான் பந்தயத்தில் 24 மணி நேரமும் ஓடி ஜெயித்தது.