கார்ல் வான் முல்லர்

கார்ல் வான் முல்லர் (ஜூன் 16, 1873 - மார்ச் 11, 1923) ஜெர்மானியக் கடற்படை அதிகாரி ஆவார். முதலாம் உலகப் போரின் தொடக்கத்தில் எம்டன் என்னும் போர்க்கப்பலுக்குத் தலைமை தாங்கி, இந்தியப் பெருங்கடலில் பிரித்தானியக் கடல் வணிகத்தை ஏறத்தாழ இரண்டு மாதங்கள் நிலைகுலையச் செய்தார். செப்டம்பர் 22, 1914 அன்று இரவு சென்னைத் துறைமுகத்தைத் தாக்கியதன் மூலம் தமிழகத்தில் பரவலாக அறியப்பட்டார். எதிரியின் பெரும் படைகளுடன் நேருக்கு நேர் மோதாமல், அப்படைகள் சார்ந்திருந்த எரிபொருள், சரக்குக் கப்பல்கள், தந்தி வடங்கள் ஆகியவற்றைக் குறிவைக்கும் மறைமுகப் போர்முறைக்கு இவரது பயணம் ஓர் எடுத்துக்காட்டாகும்.

இளமையும் கடற்படைப் பணியும்

முல்லர் ஜெர்மனியின் ஹனோவர் நகரில் பிறந்தார். இவரது தந்தை பிரஷ்யப் படையில் அதிகாரியாக இருந்தவர். பள்ளிப் படிப்புக்குப் பின் பிளோன் நகரில் இருந்த படைத்துறைக் கல்விக்கூடத்தில் சேர்ந்த முல்லர், 1891-இல் கடற்படைக்கு மாறினார். தொடக்க காலத்தில் பாடன் என்னும் கப்பலில் சைகை அதிகாரியாகப் பணியாற்றினார். பின்னர் ஜெர்மன் கிழக்கு ஆப்பிரிக்காவில் பணிபுரிந்தபோது மலேரியாக் காய்ச்சலுக்கு ஆளானார். அந்நோய் வாழ்நாள் முழுவதும் இவரை வருத்தியது.

1908-இல் பதவி உயர்வு பெற்று பெர்லினில் உள்ள கடற்படைத் தலைமையகத்தில் பணியமர்த்தப்பட்டார். 1913-இல் எம்டன் கப்பலின் பொறுப்பு இவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அக்கப்பல் அப்போது சீனக் கடற்கரையில் ஜெர்மனியின் வசமிருந்த சிங்டாவ் துறைமுகத்தைத் தளமாகக் கொண்டிருந்தது. எம்டன் மூன்று புகைபோக்கிகளும் பத்துப் பீரங்கிகளும் கொண்ட, குரூசர் எனப்படும் வகையைச் சேர்ந்த சிறிய போர்க்கப்பல் ஆகும்.

இந்தியப் பெருங்கடலில் தனிப் பயணம்

ஆகஸ்ட் 1914-இல் போர் மூண்டபோது, கிழக்காசியாவில் இருந்த ஜெர்மன் கப்பல்கள் பசிபிக் பெருங்கடலின் பகான் தீவில் ஒன்றுகூடின. நிலக்கரி இல்லாமல் எக்கப்பலும் இயங்க முடியாத காலம் அது. இந்தியப் பெருங்கடலில் ஜெர்மனிக்கு நிலக்கரித் துறைமுகம் எதுவும் இல்லை. எனவே முழு அணியும் அங்கு செல்வது இயலாது என்றும், ஒரே ஒரு சிறிய கப்பல் சென்றால் பிடிபடும் கப்பல்களின் நிலக்கரியைக் கொண்டே காலம் தள்ள முடியும் என்றும் முல்லர் எடுத்துரைத்தார். அணித் தலைவர் கிராப் ஸ்பே இதனை ஏற்றார். மற்றக் கப்பல்கள் தென்னமெரிக்கா நோக்கிச் சென்றன.

மார்க்கோமானியா என்னும் நிலக்கரிக் கப்பல் துணையுடன் எம்டன் செப்டம்பரில் வங்காள விரிகுடாவை அடைந்தது. பிரித்தானியக் கப்பல் போலத் தோன்றுவதற்காக நான்காவதாக ஒரு போலிப் புகைபோக்கி பொருத்தப்பட்டது. பிடிபட்ட கப்பல்களில் கிடைத்த செய்தித்தாள்கள் வழியாகப் பிற கப்பல்களின் புறப்பாடு குறித்த விவரங்களை முல்லர் அறிந்து கொண்டார். எதிரிக் கப்பல்களின் கம்பியில்லாத் தந்தி ஒலியைக் கேட்டு, அவை அருகில் உள்ளனவா தொலைவில் உள்ளனவா எனக் கணித்தார். தன் இருப்பிடம் தெரியாதிருக்க, தமது கப்பலின் தந்திக் கருவியைப் பெரும்பாலும் மௌனமாக வைத்திருந்தார்.

இப்பயணத்தில் இருபதுக்கும் மேற்பட்ட வணிகக் கப்பல்கள் பிடிபட்டன. அவற்றில் பெரும்பாலானவை மூழ்கடிக்கப்பட்டன. எனினும் முல்லர் அவற்றின் மாலுமிகளையும் பயணிகளையும் முதலில் பாதுகாப்பாக இறக்கி, பிடிபட்ட கப்பல் ஒன்றில் ஏற்றித் துறைமுகத்துக்கு அனுப்பினார். இதனால் எதிரி நாட்டுச் செய்தித்தாள்களும் இவரைப் பாராட்டி எழுதின. மூழ்கிய கப்பல்களால் ஏற்பட்ட இழப்பை விட அச்சத்தால் ஏற்பட்ட இழப்பு பெரிதாக இருந்தது. வங்காள விரிகுடாவில் கப்பல்கள் துறைமுகங்களை விட்டு வெளியேறத் தயங்கின. காப்பீட்டுக் கட்டணம் உயர்ந்தது. இந்த ஒரு கப்பலைத் தேடப் பல போர்க்கப்பல்கள் அலைய நேர்ந்தது.

சென்னை மீதான தாக்குதல்

செப்டம்பர் 22 இரவு சுமார் 9.30 மணி அளவில் எம்டன் சென்னைத் துறைமுகத்தை நெருங்கியது. நகரின் விளக்குகள் அமைதிக் காலத்தில் போலவே எரிந்து கொண்டிருந்தன. அக்காலத்தில் உயர் நீதிமன்றக் கோபுரத்தின் உச்சியில் கலங்கரை விளக்கம் அமைந்திருந்தது. எம்டனின் இலக்கு பர்மா எண்ணெய் நிறுவனத்தின் எண்ணெய்த் தொட்டிகள் ஆகும். நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகள் சுடப்பட்டன. இரண்டு தொட்டிகள் தீப்பற்றி எரிந்தன. துறைமுகத்தில் நின்ற கப்பல் ஒன்றும் சேதமுற்றது. சிலர் உயிரிழந்தனர். கரையிலிருந்த பீரங்கிகள் பதிலுக்குச் சுடத் தொடங்கியதும் எம்டன் விளக்குகளை அணைத்துவிட்டு இருளில் மறைந்தது.

படைவலிமை நோக்கில் இது சிறிய தாக்குதலே. ஆனால் நகர மக்கள் பெருந்திரளாகச் சென்னையை விட்டு வெளியேறினர். பிரித்தானியக் கடற்படை இந்தியாவின் கரையைக் காக்க வல்லது என்ற நம்பிக்கை ஆட்டம் கண்டது.

டீகோ கார்சியா, பினாங்கு

அக்டோபர் 9 அன்று எம்டன் பிரித்தானியரின் வசமிருந்த டீகோ கார்சியா தீவை அடைந்தது. அத்தீவுக்குத் தந்தித் தொடர்பு இல்லை. போர் தொடங்கி இரண்டு மாதங்கள் கடந்தும் அங்கிருந்தோர் அதனை அறியவில்லை. அவர்கள் எம்டனை அன்புடன் வரவேற்றனர். மாலுமிகள் கப்பலின் அடிப்பகுதியைத் துப்புரவு செய்ததோடு, தீவினரின் மோட்டார் படகையும் பழுது பார்த்துக் கொடுத்தனர். அக்டோபர் 28 விடியற்காலையில் பினாங்குத் துறைமுகத்துக்குள் நுழைந்த எம்டன், ரஷ்யப் போர்க்கப்பலான செம்சுக்கையும் பின்னர் மஸ்கே என்னும் பிரெஞ்சுக் கப்பலையும் மூழ்கடித்தது.

கோகோஸ் தந்தி நிலையமும் எம்டனின் முடிவும்

அடுத்து முல்லர் கோகோஸ் தீவுக்கூட்டத்தின் டைரக்‌ஷன் தீவைத் தேர்ந்தெடுத்தார். ஆஸ்திரேலியாவையும் தென்னாப்பிரிக்காவையும் இணைக்க 1901-இல் அமைக்கப்பட்ட கடலடித் தந்தி வடம் இத்தீவின் வழியே சென்றது. பெர்த், ரொட்ரிகஸ், பத்தேவியா ஆகிய இடங்களுக்கு இங்கிருந்து வடங்கள் பிரிந்தன. இச்சந்தியை அழித்தால் ஆஸ்திரேலியாவுக்கான முக்கியத் தொடர்பு ஒன்று அறுபடும், எதிரிக் கப்பல்களின் கவனமும் கிழக்கு நோக்கித் திரும்பும் என அவர் எண்ணினார்.

நவம்பர் 9 காலையில் அதிகாரி ஹெல்முத் வான் மியூக்கே தலைமையில் 50 பேர் கரையிறங்கினர். அவர்கள் கருவிகளை உடைத்தனர், பெர்த் செல்லும் வடத்தை வெட்டினர், கம்பியில்லாத் தந்திக் கம்பத்தைச் சாய்த்தனர். நிலையத்தாரின் டென்னிஸ் திடலில் விழாதவாறு அக்கம்பத்தைச் சாய்க்குமாறு வேண்டப்பட்டதற்கும் இணங்கினர்.

ஆனால் அதற்கு முன்பே காரியம் கைமீறிவிட்டது. எம்டன் தன் நிலக்கரிக் கப்பலான பியூரெஸ்கை அழைக்கக் கம்பியில்லாத் தந்தியைப் பயன்படுத்தியது. அந்த அறியாத சைகைகள் நிலையத்தாரின் ஐயத்தைத் தூண்டின. வந்திருப்பது அயல் கப்பல் என்பதைக் கண்டதும் அவர்கள் உதவி கோரி அறிவிப்பு அனுப்பினர். எம்டன் இடையூறு செய்தும் அச்செய்தி ஏறத்தாழ 80 கி.மீ. தொலைவில், படைவீரர்களை ஏற்றிச் சென்ற கப்பல் தொடரை அடைந்தது. அத்தொடருக்குக் காவலாகச் சென்ற ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் சிட்னி உடனே விரைந்தது. தொடுவானில் தெரிந்த புகையை முல்லர் பியூரெஸ்க் என்றே முதலில் கருதினார்.

சிட்னி எம்டனை விடப் பெரியது, வேகமானது, கனமான பீரங்கிகளைக் கொண்டது. கடுமையாகச் சேதமுற்ற எம்டனை முல்லர் வடக்கு கீலிங் தீவின் பவளப் பாறையில் மோதி நிறுத்தினார். எம்டனில் 130-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கரையிலிருந்த மியூக்கே குழுவினர் ஆயிஷா என்னும் பாய்மரக் கப்பலில் தப்பி, அரேபியா வழியாக 1915-இல் கான்ஸ்டான்டிநோபிளை அடைந்தனர். வெட்டப்பட்ட வடம் விரைவில் சீராக்கப்பட்டது.

சிறைவாழ்வும் இறுதிக் காலமும்

முல்லர் மால்டாவில் சிறை வைக்கப்பட்டு, 1916-இல் இங்கிலாந்துக்கு மாற்றப்பட்டார். 1917-இல் சுரங்கம் தோண்டித் தப்பிய 21 கைதிகளுக்குத் தலைமை தாங்கினார். எனினும் மீண்டும் பிடிபட்டார். மலேரியா முற்றியதால் 1918-இல் சிகிச்சைக்காக நெதர்லாந்துக்கு அனுப்பப்பட்டு, அவ்வாண்டு அக்டோபரில் நாடு திரும்பினார். ஜெர்மனியின் உயரிய விருதான பூர் லெ மெரீத் இவருக்கு வழங்கப்பட்டது.

1919-இல் உடல்நலக் குறைவால் ஓய்வு பெற்றார். தம் பயணத்தைப் பற்றி நூல் எழுத மறுத்துவிட்டார். 1920-இல் திருமணம் செய்து கொண்டார். இவருக்கு இரு மகள்கள் பிறந்தனர். பிரன்ஸ்விக் மாநிலச் சட்டமன்ற உறுப்பினராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். மார்ச் 11, 1923 அன்று தமது 49-ஆம் அகவையில் காலமானார்.

தமிழகத்தில் எம்டன்

சென்னை உயர் நீதிமன்ற வளாகச் சுவரில் இத்தாக்குதலை நினைவுகூரும் கல்வெட்டு ஒன்று உள்ளது. கெட்டிக்காரர், எதற்கும் அஞ்சாதவர், பிறரை மிரட்டுபவர் என்னும் பொருள்களில் எம்டன் என்ற சொல் தமிழ்ப் பேச்சுவழக்கில் இடம்பெற்றது. விடுதலைப் போராட்ட வீரர் செண்பகராமன் பிள்ளை இக்கப்பலில் வந்தார் என்ற கருத்து பரவலாக வழங்கினாலும், வரலாற்று ஆய்வாளர்கள் பலர் அதனை ஐயத்துடனேயே நோக்குகின்றனர்.

மறைமுகப் போரும் தொடர்பு வடங்களும்

தந்தி வடங்களைத் தாக்கியவர் முல்லர் மட்டும் அல்லர். ஆகஸ்ட் 5, 1914 அன்றே பிரித்தானியா ஆங்கிலக் கால்வாயில் ஜெர்மனியின் வடங்களை அறுத்துவிட்டது. உலகெங்கும் பல வடங்களைக் கொண்டிருந்த பிரித்தானியாவோ ஒன்றை இழந்தாலும் மற்றொன்றின் வழியே செய்தி அனுப்ப முடிந்தது. ஒரு நாட்டின் பாதுகாப்பு, தொடர்பு வழிகள் இருப்பதில் மட்டுமன்றி அவை பலவாக இருப்பதிலும் அடங்கியுள்ளது என்பதை இது காட்டுகிறது.

சென்னை 1871-இலேயே பினாங்கு, சிங்கப்பூர் ஆகியவற்றுடன் தந்தி வடத்தால் இணைக்கப்பட்ட நகரம் ஆகும். இன்று அதே கரையில் கண்ணாடி இழை வடங்கள் கரையேறுகின்றன. பென்னலூர் உள்ளிட்ட திருப்பெரும்புதூர் - ஒரகடம் பகுதியின் மின்னணு, வாகனத் தொழிற்சாலைகள் உலகெங்கும் உள்ள வாடிக்கையாளர்களுடன் தொடர்பு கொள்வது இத்தகைய வடங்கள் வழியாகவே. ஜனவரி 2008-இல் அலெக்சாந்திரியா அருகே வடங்கள் அறுந்தபோது இந்தியாவில் இணையச் சேவை பெரிதும் பாதிக்கப்பட்டது. 2024 தொடக்கத்தில், ஏவுகணையால் தாக்கப்பட்ட ரூபிமார் என்னும் சரக்குக் கப்பலின் நங்கூரம் இழுபட்டதால் செங்கடலில் மூன்று வடங்கள் சேதமுற்றதாகக் கருதப்படுகிறது. வடங்களை எவரும் குறிவைக்காத நிலையிலும், தொலைவில் நடக்கும் போர் பிற நாடுகளின் தொடர்பை அறுக்கக்கூடும் என்பதற்கு இந்நிகழ்வு சான்றாகும்.