ஓட்ட வீராங்கனை வில்மா ருடால்ஃப்

அமெரிக்காவின் டென்னிசி மாநிலத்தில், கிளார்க்ஸ்வில் நகரில் பர்ட் உயர்நிலைப் பள்ளி என்ற அரசுப் பள்ளி இருந்தது. வெள்ளையர் பள்ளிகளில் கறுப்பினப் பிள்ளைகளைச் சேர்க்காத காலம் அது. அவர்களுக்கென இருந்த இப்பள்ளியின் பெயரை உலகறியச் செய்தவர் வில்மா ருடால்ஃப்.

22 பிள்ளைகள் கொண்ட ஏழைக் குடும்பத்தில் இருபதாவது குழந்தையாக, 1940-ஆம் ஆண்டு ஜூன் 23-ஆம் நாள் பிறந்தார். இளம்பிள்ளை வாதம் இடது காலை முடக்கியது. அன்னை வாரந்தோறும் பேருந்தில் ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவிலுள்ள நாஷ்வில் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். வீட்டில் அண்ணன்மாரும் அக்காமாரும் முறைவைத்துக் காலைப் பிடித்துவிட்டனர். 12 வயதளவில் காலில் கட்டிய இரும்புப் பட்டை கழன்றது.

பர்ட் பள்ளியில் முதலில் கூடைப்பந்துதான். அந்த ஆட்டம் இல்லாத மாதங்களில்தான் ஓட்டம். அதில் வென்றுகொண்டே இருந்தவர், அலபாமா மாநிலத்து டஸ்கிகியில் நடந்த பெரிய போட்டியில் ஓடிய பந்தயம் அனைத்திலும் தோற்றார். அவர் பெற்ற பதக்கங்களைவிட இத்தோல்வியே என் நெஞ்சில் நிற்கிறது. விளையாட்டு விழாவில் நான்காவதாக வந்தவள் ஆயிற்றே நான்!

1956-இல் பதினாறு வயதுப் பள்ளி மாணவியாகவே மெல்போர்ன் ஒலிம்பிக்கில் தொடர் ஓட்டத்தில் வெண்கலம் பெற்றார். 1960-இல் ரோமில் 100 மீட்டர், 200 மீட்டர், தொடர் ஓட்டம் ஆகிய மூன்றிலும் தங்கம்! ஊரார் வரவேற்பளிக்க விரும்பியபோது, இனத்தால் பிரித்து நடத்தினால் வரமாட்டேன் என மறுத்தார். அவ்வூரில் இரு இனத்தாரும் ஒன்றாகக் கூடிய முதல் விழா அதுவே.

பின்னர் பர்ட் பள்ளிக்கே பயிற்சியாளராகத் திரும்பினார். 1994-இல், 54 வயதில் காலமானார்.