லயனல் பீல்டனும் நமது ரேடியோவும்

ஒரு பத்திரிகைக்கு எத்தனை வாசகர்கள் என்பதை அதன் விற்பனைக் கணக்கு சொல்லிவிடும். ஒரு பொதுக்கூட்டத்திற்கு எத்தனை பேர் வந்தனர் என்பதை மேடையில் நிற்பவரே கண்ணால் கண்டுகொள்ளலாம். ரேடியோவில் பேசுகிறவர் மட்டும் நாலு சுவர்களைப் பார்த்துப் பேசுகிறார். தமது குரல் எங்கே போய்ச் சேர்ந்தது, கேட்டவர் மகிழ்ந்தாரா, பாதியில் நிறுத்திவிட்டாரா என்பது அவருக்குத் தெரியாது. கேட்பவர் யார் என்று அறியாமலே கேட்பவருக்காக நிகழ்ச்சி அமைக்கவேண்டிய இந்தச் சங்கடம் ரேடியோவுடன் கூடப் பிறந்தது. நமது தேசத்தில் அச்சங்கடத்தை முதன்முதலில் பெரிய அளவில் அநுபவித்தவர் லயனல் பீல்டன் என்னும் ஆங்கிலேயர். அவருடைய சரித்திரத்தைத் தேசாபிமானிகள் அறிந்திருப்பது அவசியம்.

பீல்டன் 1896-ம் ஆண்டில் பிறந்தவர். ஈட்டன் பள்ளியிலும் ஆக்ஸ்போர்டிலும் கல்வி பயின்று, முதல் உலக மகாயுத்தத்தில் சேவை செய்து, பின்னர் சர்வதேச சங்கத்திலும் அகதிகளுக்கு உதவும் பணியிலும் ஈடுபட்டார். 1927-ல் லண்டன் பி.பி.சி. ஸ்தாபனத்தில் சேர்ந்து, பிரசங்கப் பகுதியில் ஹில்டா மாத்திஸன் அம்மையாரின் கீழ்ப் பயிற்சி பெற்றார். பிரபுக்களின் பள்ளியில் படித்தவரானாலும் உத்தியோக வர்க்கத்தின் கட்டுப்பாடுகளைப் பொறுக்காத சுபாவம் அவருக்கு இருந்தது. இந்தியாவில் அவருக்கு நேர்ந்த நன்மை தீமைகள் யாவற்றுக்கும் இந்தச் சுபாவமே வித்து.

அவர் வருவதற்கு முன் நமது தேசத்தில் ரேடியோவின் நிலைமை பரிதாபகரமானது. சென்னையில் 1924-லேயே ஸ்ரீ சி. வி. கிருஷ்ணஸ்வாமி செட்டியாரின் முயற்சியால் மாகாண ரேடியோ கிளப் தோன்றி ஒலிபரப்பியது. பணமுடையால் 1927-ல் அது நின்றது. அதன் யந்திரம் சென்னை நகரசபைக்குப் போயிற்று. அதே ஆண்டு பம்பாயிலும் கல்கத்தாவிலும் நிலையங்கள் திறந்த தனியார் கம்பெனி 1930-ல் திவாலாயிற்று. சர்க்கார் அதனை ஏற்று நடத்தி, 1931-ல் சிக்கனத்தின் பெயரால் மூடிவிட உத்தரவிட்டு, ஆட்சேபம் கிளம்பியதும் உத்தரவை வாபஸ் வாங்கிக்கொண்டனர். இவ்வாறு ஊசலாடிய ஸ்தாபனத்தைச் சீர்படுத்த ஒருவர் வேண்டுமென்று இந்திய சர்க்கார் பி.பி.சி.யைக் கேட்க, 1935 ஆகஸ்டு மாதம் பீல்டன் ஒலிபரப்புக் கண்ட்ரோலராக வந்து சேர்ந்தார்.

வந்தவரிடம் சர்க்கார் முதலில் இருபது லக்ஷமும் பிறகு நாற்பது லக்ஷமுமாக நிதி ஒதுக்கினர். ஒரு பெரிய தேசத்திற்கு இது யானைப் பசிக்குச் சோளப்பொரி. ஆயினும் அவர் சளைக்கவில்லை. 1936 ஜனவரி முதல் தேதி டில்லி நிலையம் இயங்கத் தொடங்கிற்று. நிலையத்தின் பெயரில் சர்க்கார் என்னும் வாடை வீசலாகாது என்பது அவர் கருத்து. காரியாலயக் காகிதங்களில் வாதாடிப் பயனில்லை என்று கண்டு, ஒரு விருந்தில் வைசிராய் லின்லித்கோ பிரபுவிடம் பழைய பெயர் நாவில் புரளவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டு, புதுப் பெயரை வைசிராயே கண்டுபிடித்துச் சொல்லும்படி பேச்சைத் திருப்பிவிட்டார். 1936 ஜூன் 8-ந் தேதி ஆல் இந்தியா ரேடியோ என்னும் பெயர் அமுலுக்கு வந்தது.

பெயர் சூட்டுவது எளிது. அகில இந்தியாவையும் எட்டுவது அரிது. நிபுணர்கள் கிர்க், காய்டர் இருவரும் பி.பி.சி.யிலிருந்து வந்து தேசத்தை ஆராய்ந்தனர். மத்திய அலை தெளிவாகக் கேட்கும். ஆனால் பகல் வேளையில் வெகுதூரம் போகாது. சிற்றலை நூற்றுக்கணக்கான மைல் தாண்டும். ஆனால் ஏறி இறங்கித் தேயும். அதைப் பிடிக்கும் யந்திரமும் விலை கூடியது. கையிலிருந்த பணத்தில் தேசம் முழுவதும் மத்திய அலை நிலையங்களை நிறுவ வழியில்லை. ஆகவே இரண்டையும் கலந்து செய்தனர். 1938 ஜூன் 16-ல் திறந்த சென்னை நிலையத்தில் நகரத்திற்குக் கால் கிலோவாட் மத்திய அலையும், மாகாணத்திற்குப் பத்து கிலோவாட் சிற்றலையும் அமைந்தன. தமிழ் ஜில்லாக்களின் நடுவில் திருச்சிராப்பள்ளியில் ஐந்து கிலோவாட் மத்திய அலை நிலையம் 1939 மே 16-ல் தொடங்கிற்று. லாகூர், லக்னோ, டாக்கா நிலையங்களும் இவர் காலத்தில் தோன்றியவையே.

கேட்பவர்களை எண்ணும் விஷயத்திற்கு வருவோம். அக்காலத்தில் சர்க்காரிடம் இருந்த அளவுகோல் லைசென்ஸ் ஒன்றுதான். ஆண்டுக்குப் பத்து ரூபாய் கட்டி ரேடியோ வைத்திருப்பவரே நேயர். 1934 முடிவில் பதினாறாயிரம் அளவில் இருந்த இந்தத் தொகை, 1939 முடிவில் தொண்ணூறாயிரத்தைத் தாண்டிற்று. ஐந்து ஆண்டுகளில் ஐந்து மடங்குக்கு மேல் என்றால் வெற்றியன்றோ என்று தோன்றும். ஆனால் 1931-ம் ஆண்டின் ஜனத்தொகைக் கணக்கோ முப்பத்தைந்து கோடி. சற்றேறக்குறைய நாலாயிரம் பேருக்கு ஒரு லைசென்ஸ். அந்த ஒன்றும் பெரும்பாலும் பட்டணத்து வக்கீல், வியாபாரி, உத்தியோகஸ்தர் வீடுகளில் இருந்தது. லைசென்ஸ் கணக்கு பத்து ரூபாய் கட்ட வல்லவர்களை எண்ணிற்றேயன்றி ஜனங்களை எண்ணவில்லை. காபி ஓட்டலிலும் கிராமச் சாவடியிலும் கூடிநின்று கேட்ட நூறு பேரும் அந்தக் கணக்கில் ஒரு ரேடியோதான்.

அதே 1936-ல் இங்கிலாந்தில் ராபர்ட் ஸில்வி என்பவர் பி.பி.சி.யில் நேயர்களின் விருப்பத்தை ஆராயும் பகுதியைத் தொடங்கினார். அங்கே வீட்டுக்கு வீடு ரேடியோ பெருகியிருந்தது. சிலரைக் கேட்டுப் பலரை அறியலாம். இங்கே கிராமவாசியிடம் ரேடியோவே இல்லாதபோது அவன் விருப்பத்தை எங்ஙனம் அறிவது? பீல்டனுக்கு வந்த கடிதங்கள் எழுதப் படிக்கத் தெரிந்தோரின் கடிதங்கள். அவற்றிலும் பாதிச் சண்டை பாஷையைப் பற்றியது. டில்லியின் இந்துஸ்தானியில் உருது மிகுதி என்று ஹிந்தி அன்பர்களும், ஹிந்தி மிகுதி என்று உருது அன்பர்களும் குறை கூறினர்.

கிராமங்களுக்குப் பொது ரேடியோ வைக்கும் முயற்சி அங்கங்கே நடந்தது. 1935-ல் பெஷாவரில் மார்க்கோனி கம்பெனி கொடுத்த யந்திரத்தின் துணையால் எல்லைப்புறக் கிராமங்களில் அது பரீக்ஷிக்கப்பட்டது. டில்லிச் சுற்றுப்புறத்திலும் சென்னை மாகாணத்திலும் கிராம நிகழ்ச்சிகள் தொடங்கின. மின்சாரமில்லாத ஊரில் ரேடியோ பாட்டரியால் இயங்கும். பாட்டரி தீர்ந்தால் பட்டணத்துக்கு எடுத்துப்போய்ச் சார்ஜ் ஏற்றவேண்டும். பாதையில்லாத ஊருக்கு அதை யார் கொண்டுபோவது? நிகழ்ச்சி எவ்வளவு சிறப்பானதாயினும், பாட்டரி தீர்ந்த ஊருக்கு அது இல்லாத நிகழ்ச்சியே.

தடை யந்திரத்தில் மட்டுமன்று. ஜனங்களுக்கு ஆவல் மிகுந்த விஷயம் அரசியல். அந்நிய சர்க்காரின் ரேடியோவில் அதற்கு இடமேது? 1935-ம் ஆண்டுச் சட்டம், மாகாணங்கள் ஒலிபரப்பு அதிகாரம் கேட்டால் நியாயமின்றி மறுக்கலாகாது என்று விதித்தது. ஏட்டளவில் இடம் இருந்தும், நடைமுறையில் கடிவாளம் டில்லியின் கையிலேயே இருந்தது. இதே காலத்தில் மைசூரில் பேராசிரியர் ஸ்ரீ எம். வி. கோபாலஸ்வாமி தம் வீட்டிலேயே சிறு யந்திரம் வைத்து, ஆகாசவாணி என்று பெயரிட்டு, தம் ஊராருக்காக 1935-ல் ஒலிபரப்பினார். அகில இந்திய ரேடியோ பிற்காலத்தில் அந்தப் பெயரையே தனதாக்கிக்கொண்டது. பெயரை எடுத்துக்கொண்ட அளவுக்கு அந்த வழியையும் எடுத்துக்கொண்டிருந்தால் நலமாயிருந்திருக்கும்.

தேகம் தளர்ந்து, மனம் கசந்து, பீல்டன் 1940-ல் விடைபெற்றார். ஸ்ரீ அகமத் ஷா புகாரி அவருடைய ஸ்தானத்தில் அமர்ந்தார். பிறருக்குச் சாதனையாகத் தோன்றிய தம் இந்திய ஊழியத்தைப் பீல்டன் தோல்வியென்றே மதிப்பிட்டார். சொந்த அரசாங்கத்தையும் அவர் விட்டுவைக்கவில்லை. யுத்தத்தின் நடுவே 1943-ல் பிரிட்டிஷ் இந்தியக் கொள்கையைக் கடிந்து ஒரு புத்தகம் எழுதினார். ஜார்ஜ் ஆர்வெல் அதைக் கடுமையாக விமர்சித்தார். பின்னர் இத்தாலியில் குடியேறி, 1960-ல் சுயசரிதம் வெளியிட்டு, 1974-ல் காலமானார்.

அவருடைய வாழ்க்கை நமக்குக் கூறும் பாடம் யாது? 1947 ஆகஸ்டு 15-ல் சுதந்திர இந்தியாவின் கைக்கு வந்த ஆறு நிலையங்களில் இரண்டு தமிழ்நாட்டில் இருந்தன என்பது அவர் காலத்து உழைப்பின் பயன். அந்நியர் போனபின்பும் கேட்பவரைக் கேளாமலே நிகழ்ச்சி அமைக்கும் வழக்கம் போகவில்லை. 1952-க்குப் பிறகு சினிமாப் பாட்டைக் குறைத்தபோது நேயர்கள் வாக்குவாதம் செய்யவில்லை. திருகாணியைத் திருப்பி இலங்கை ரேடியோவுக்குப் போய்விட்டனர். 1957-ல் விவித பாரதி பிறந்தது அந்தப் பாடத்தினால்தான். வட்டார மக்களுக்கென்றே அமைந்த முதல் உள்ளூர் வானொலி நிலையம் 1984 அக்டோபர் 30-ல் நாகர்கோவிலில் தோன்றிற்று. பீல்டன் வந்து நாற்பத்தொன்பது ஆண்டுகள் கழிந்தபின்!

எண்ணிக்கை வேண்டாமென்று யாரும் சொல்லார். ஆனால் எதை எண்ணுகிறோம் என்பதில் இருக்கிறது நீதி. பணம் படைத்தவனை மட்டும் எண்ணும் கணக்கு, பட்டணத்தைத் தேசமென்று காட்டும். மீனவனுக்குக் காற்றின் நிலையையும், குடியானவனுக்கு மழையின் வரவையும் அவனவன் பேச்சில் சொல்லும் சிறு நிலையத்துக்குக் கேட்போர் தொகை குறைவாயிருக்கலாம். அத்தொகையைக் காட்டி அதன் வாயை அடைக்க முற்படும் எவரும், பீல்டன் தோற்ற இடத்தில் தாமும் தோற்கவே செல்கின்றனர். அவருக்காவது தாம் தோற்றது எங்கே என்று தெரிந்திருந்தது.