படுத்தபடியே கப்பல் செலுத்தியவர்!

குழந்தைகளே, கொலம்பஸ் என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வருகிறது? மூன்று கப்பல்கள், அகண்ட கடல், 1492ஆம் ஆண்டு... இவைதானே? பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். ஆனால், அவருடைய மூட்டு வலியைப் பற்றி எந்தப் பாடத்திலும் வந்திருக்காது. அந்தக் கதையை இப்போது பார்ப்போம்.

கிறிஸ்டோபர் கொலம்பஸ் 1451ஆம் ஆண்டு, இத்தாலியின் ஜெனோவா துறைமுக நகரில் பிறந்தார். தந்தை கம்பளி நெசவாளி. மகனுக்கோ தறியை விடக் கடல்தான் பிடித்தது. இளம் வயதிலேயே கப்பல் ஏறிவிட்டார். மேற்கு நோக்கிப் போய்க் கொண்டே இருந்தால் ஆசியாவை அடைந்துவிடலாம் என்று நம்பினார். போர்ச்சுகல் மன்னர் உதவ மறுத்தார். பல ஆண்டுகள் காத்திருந்த பிறகு, ஸ்பெயின் அரசி இசபெல்லாவும் மன்னர் பெர்டினாண்டும் சம்மதித்தனர்.

1492 ஆகஸ்ட் 3 அன்று புறப்பட்டு, அக்டோபர் 12 அன்று பகாமாஸ் தீவு ஒன்றில் கரை இறங்கினார். அதை ஆசியா என்றே நினைத்தார்!

திரும்பி வரும்போது, 1493 பிப்ரவரியில் பெரும் புயல். குளிரிலும் ஈரத்திலும் நாள் கணக்கில் நின்ற கொலம்பசுக்குக் கால்கள் வலியால் முடங்கிப் போயின. அப்போது அவருக்கு 41 வயதுதான். புயல் ஓய்ந்தது, வலியோ மீண்டும் மீண்டும் வந்தது.

அந்தக் காலத்துக் கப்பல் எப்படி இருக்கும் தெரியுமா? பீப்பாயில் அடைத்த தண்ணீர் சில வாரங்களில் நாற்றம் எடுக்கும். உப்புக்கண்டமும் கல் போன்ற ரொட்டியும்தான் சாப்பாடு. ஒழுங்கான கழிப்பறை கிடையாது. கைகழுவ சோப்பு கிடையாது. எலிகளும் கரப்பான் பூச்சிகளும் உடன் பயணம் செய்யும். வயிற்றுக்கடுப்பும் பேதியும் மாலுமிகளுக்குப் பழகிப்போன சங்கதி!

இரண்டாவது பயணத்தில், 1494 செப்டம்பரில், கொலம்பசுக்குக் கடும் காய்ச்சல் கண்டது. நினைவே தப்பியது. கரைக்குக் கொண்டுவரப்பட்டவர், சுமார் ஐந்து மாதங்கள் படுக்கையில் கிடந்தார். மூன்றாவது பயணத்தில், 1498ஆம் ஆண்டு, மூட்டு வலியோடு கண்களும் சிவந்து வீங்கி, ரத்தம் கசிந்தது. தென் அமெரிக்காவின் கரையை முதன்முதலாகப் பார்த்தபோது, அந்தக் கண்களால்தான் பார்த்தார்!

இங்கே இன்னொரு உண்மையையும் மறைக்கக் கூடாது. அந்தத் தீவுகளில் வாழ்ந்த டைனோ மக்களை கொலம்பஸ் கொடுமைப்படுத்தினார். 1495இல் சுமார் 500 பேரை அடிமைகளாக ஸ்பெயினுக்கு அனுப்பினார். வழியிலேயே ஏறத்தாழ 200 பேர் இறந்துவிட்டனர். வலி என்றால் என்ன என்று தெரிந்தவருக்குப் பிறர் வலி தெரியாமல் போனது வருத்தம்தான்.

1502இல் நான்காவது பயணம். உங்களைப் போன்ற ஒரு சிறுவனும் அதில் இருந்தான். கொலம்பசின் மகன் பெர்னாண்டோ, வயது 13. ரொட்டியில் புழுக்கள் நெளிந்ததால், அவை கண்ணில் படாமலிருக்க, இருட்டிய பிறகே சிலர் சாப்பிட்டார்களாம். பின்னாளில் அவரே இதை எழுதி வைத்திருக்கிறார். அந்தப் பயணத்தில் கொலம்பசால் நிற்க முடியவில்லை. மேல்தளத்தில் சின்ன அறை ஒன்றைக் கட்டி, அதில் படுத்தபடியே கப்பலுக்கு வழி சொன்னார்! புழு அரித்த கப்பல்கள் ஓட்டையாகி, ஜமைக்கா தீவில் ஓர் ஆண்டு சிக்கித் தவித்தனர்.

1504 நவம்பரில் ஸ்பெயின் திரும்பினார். பகலில் கைகளில் வலுவே இல்லாததால், இரவில்தான் கடிதம் எழுத முடிந்தது. குதிரையில் ஏறி அமர முடியவில்லை. கோவேறு கழுதையில் சவாரி செய்ய அப்போது தடை இருந்தது. 1505இல் மன்னரிடம் தனி அனுமதி பெற்று, அதில் ஏறித்தான் அரசவைக்குப் போனார். 1506 மே 20 அன்று, வல்லாடோலிட் நகரில் காலமானார்.

அவருக்கு வந்தது என்ன நோய்? அன்றைய மருத்துவர்கள் 'கௌட்' என்னும் வாத நோய் என்றனர். ஆனால், 2006இல் மருத்துவர்கள் சிலர் பழைய குறிப்புகளை ஆராய்ந்து, அது 'ரியாக்டிவ் ஆர்த்ரைட்டிஸ்' ஆக இருக்கலாம் என்று எழுதினர். 500 ஆண்டுகளுக்குப் பிறகு ரத்தப் பரிசோதனை செய்ய முடியாதே! எனவே இது ஓர் ஊகம்தான். ஆனாலும், மூட்டும் கண்ணும் சேர்ந்து பாதிக்கப்பட்டதால் பொருத்தமான ஊகம்.

இந்த நோயில் ஒரு வேடிக்கை உண்டு. கிருமி நுழைவது ஓரிடம்; வலிப்பது வேறிடம்! கெட்டுப்போன உணவாலோ, அசுத்தமான தண்ணீராலோ சால்மொனெல்லா, ஷிகெல்லா போன்ற பாக்டீரியாக்கள் குடலுக்குள் போகின்றன. பேதி வருகிறது. நம் உடலின் நோய் எதிர்ப்பு சக்தி அவற்றோடு சண்டை போடுகிறது. பேதி நின்றுவிடும், ஆனால் சண்டை சில சமயம் நிற்பதில்லை. ஒன்று முதல் நான்கு வாரங்களுக்குள் முழங்கால், கணுக்கால், குதிகால் எல்லாம் வீங்கி வலிக்கும். சிலருக்குக் கண்ணும் சிவக்கும். மூட்டைச் சோதித்தால், அங்கே உயிருள்ள கிருமி பெரும்பாலும் இருக்காது! வயிற்றுக் கிருமி வந்த எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை. எச்.எல்.ஏ.-பி27 என்ற மரபணு உள்ளவர்களுக்கு வாய்ப்பு அதிகம். இன்று பலருக்குச் சில மாதங்களில் சரியாகிவிடுகிறது. வலியையும் வீக்கத்தையும் குறைக்க நல்ல மருந்துகள் உள்ளன. கொலம்பசுக்கு அவை கிடைக்கவில்லை.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? கழிப்பறை போய்வந்த பிறகும், சாப்பிடும் முன்பும் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். காய்ச்சி ஆறிய தண்ணீரைக் குடியுங்கள். ஈ மொய்த்த பண்டம் வேண்டாம். பேதி வந்து போன சில வாரங்களில் மூட்டு வீங்கினாலோ, கண் சிவந்து வலித்தாலோ, அம்மா, அப்பாவிடம் சொல்லுங்கள். மருத்துவரிடம் போகும்போது, முன்பு வந்த பேதியையும் மறக்காமல் சொல்லுங்கள். அந்த ஒரு தகவல், நோயைக் கண்டுபிடிக்க அவருக்குப் பெரிதும் உதவும்!