அனுசிர்வான் என்னும் பாரசீக வேந்தர்

திருக்கேதீச்சரத்தை அடுத்த மாந்தையில் 1980களில் நிகழ்ந்த அகழ்வாய்வில் பாரசீகச் சாசானியர் காலத்து மட்பாண்டத் துண்டுகள் கிடைத்தன. அவர் குலத்திற் பெரும்புகழ் பெற்றவர் முதலாம் குஸ்ரோ. பள்ளியில் நாம் அவரை உரோமரின் பகைவராக மட்டுமே கற்றோம்.

கி. பி. 531இல் தந்தை கவாதுக்குப் பின் முடிசூடிய அவருக்கு, இறவாத ஆன்மாவுடையவர் என்னும் பொருளில் அனுசிர்வான் என்ற பட்டம் வழங்கிற்று. முன்பெல்லாம் விளைச்சலிற் பங்கே வரி. அதிகாரி வந்து மதிப்பிடும்வரை உழவன் கதிரைத் தொடலாகாது. தந்தை தொடங்கிய நில அளவையை முடித்து, பரப்புக்கும் பயிருக்கும் ஏற்ற நிலையான வரியை அவர் விதித்தார். மூன்று தவணைகளிற் செலுத்தலாம். கட்டுக்கரைக்குளத்து நீரை நம்பி விதைக்கும் நம் பெரியோர் இதன் அருமையை உணர்வர். மழை பொய்த்த ஆண்டில் நிலையான வரியின் சுமையையும் அவர்களே உணர்வர்!

இந்தியக் கப்பல்கள் அடையும் துறைகளிற் பாரசீக வணிகர் காத்திருந்து பட்டு முழுவதையும் வாங்கிவிட்டனர். எத்தியோப்பியர் மூலம் பட்டுப்பெற உரோமச் சக்கரவர்த்தி ஜஸ்டினியன் முயன்றும் பயனில்லை. ஈழத்தில் பாரசீகக் கிறித்தவர் குடியிருந்ததை அந்நூற்றாண்டின் கிரேக்க வணிகர் கொஸ்மாஸ் குறித்துள்ளார்.

நீதிமான் என்று போற்றப்பட்ட இவ்வேந்தர், செல்வத்தைப் பொதுவாக்கக் கோரிய மஸ்தாக்கின் அடியாரைக் கொன்றொழித்தவருமாவார். இதனை மறைத்து அவர் சரிதத்தை எழுத எமக்கு மனமில்லை.

பஞ்சதந்திரத்தைப் பாரசீகத்துக்குக் கொணர்ந்தவர் அவருடைய மருத்துவர் பர்சோய். 579இல் வேந்தர் மறைந்தார். பர்சோயின் பகலவி மொழிபெயர்ப்பும் பின்னர் அழிந்தது. ஆயினும் கரடகன், தமனகன் என்னும் நரிகள் அதற்குள் கலீலா, திம்னா எனப் பெயர் திரிந்து அராபியம் புகுந்து, ஐரோப்பா வரை சென்றுவிட்டன.