உலகை எடையிட்ட அறிஞர்

அரிசியை நிறுப்பதற்குத் தராசு உண்டு. பொன்னை நிறுப்பதற்கு அதனினும் நுண்ணிய தராசு உண்டு. மூட்டைகளை ஏற்றிவரும் வண்டியையே நிறுத்துக் காட்டும் மேடைகளும் உள்ளன. ஆனால், இவை யாவற்றையும் தாங்கி நிற்கும் பூமியை நிறுப்பது எங்ஙனம்? அதனை வைக்கத் தட்டு ஏது? தராசைத் தூக்கிப் பிடிக்க இடந்தான் ஏது? இயலாதெனத் தோன்றும் இச்செயலைத் தம் இல்லத்தை அடுத்த சிறு கட்டடம் ஒன்றினுள், நான்கு ஈயக் குண்டுகளின் துணைகொண்டு, அறுபத்தாறாம் வயதில் செய்து முடித்தவர் ஹென்றி கேவண்டிஷ் என்னும் ஆங்கில அறிஞர் ஆவார்.

கேவண்டிஷ் 1731ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 10ஆம் நாள், இன்று பிரான்சு நாட்டைச் சேர்ந்த நைஸ் நகரில் பிறந்தார். அவருக்கு இரண்டு வயது நிரம்பும் முன்னரே அன்னையார் மறைந்தார். தந்தையார் சார்லஸ் கேவண்டிஷ் பிரபு உயர்குடியில் தோன்றியவர். அறிவியலில் பெரிதும் ஈடுபாடு கொண்டவர். தாம் அமைத்த வெப்பமானிகளுக்காக 1757இல் இராயல் கழகத்தின் காப்ளி பதக்கத்தைப் பெற்றவர். மைந்தர் ஹென்றி 1749இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். சில ஆண்டுகள் கற்றும் பட்டம் பெறாமலே இலண்டன் திரும்பினார். தந்தையாரின் சோதனைச் சாலையே அதன்பின் அவருக்குக் கல்விக்கூடம் ஆயிற்று. 1760இல் இராயல் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றுக்கொண்டது.

பிற்காலத்தில் அவருக்குப் பெருஞ்செல்வம் வந்து சேர்ந்தது. எனினும், ஆடை அணிகளிலோ விருந்துகளிலோ அவர் மனம் செல்லவில்லை; பழம்பாணி உடையையே அணிந்து வந்தார். அயலாரோடு பேசுவதற்கு அவர் மிகவும் கூசினார். வீட்டுப் பணிப்பெண்களிடங்கூட நேரில் பேசாமல், வேண்டுவனவற்றைச் சீட்டில் எழுதி வைத்துவிடுவார் என்பர். இராயல் கழகத்தின் கூட்டங்களுக்கு மட்டும் தவறாது செல்வார். தனிமையை நாடிய இவ்வியல்பு அவர்தம் ஆராய்ச்சிக்குத் துணையாகவும் நின்றது, தடையாகவும் நின்றது.

எதனையும் அளந்தறிவதே கேவண்டிஷின் வழி. உலோகங்கள் அமிலத்தில் கரையும்போது வெளிப்படும் வாயு ஒன்று தீப்பற்றி எரிவதை முன்னோர் கண்டிருந்தனர். அவரோ, அதனைத் தனியே திரட்டி, அதன் அடர்த்தியையும் அளந்து, அது காற்றினும் பன்மடங்கு இலேசானது என 1766இல் எடுத்துக் காட்டினார். பின்னாளில் ஹைட்ரஜன் எனப் பெயர் பெற்றது அவ்வாயுவே. அஃது எரியும்போது நீர் உண்டாவதைத் தெரிவிக்கும் அவருடைய கட்டுரை 1784இல் வெளிவந்தது.

பூமியை நிறுத்த வரலாற்றை அறிவதற்கு முன், நிறை, எடை, அடர்த்தி என்னும் மூன்றையும் வேறுபடுத்தி அறிதல் வேண்டும். ஒரு பொருளில் அடங்கியுள்ள பருப்பொருளின் அளவே நிறை. அப்பொருளைப் பூமி தன்பால் இழுக்கும் விசையே எடை. திங்களுக்குச் சென்றால் ஒருவருடைய எடை ஏறத்தாழ ஆறில் ஒரு பங்காகக் குறையும், நிறையோ மாறாது. குறிப்பிட்ட பருமனுள் எவ்வளவு நிறை அடங்கியுள்ளது என்பதைக் கூறுவது அடர்த்தி. ஒரு கன சென்டிமீட்டர் நீரின் நிறை 1 கிராம். அதே பருமனுள்ள ஈயத்தின் நிறை 11 கிராமுக்கும் சற்று மிகுதி. ஆகவே, பூமியின் பருமன் தெரிந்திருக்கும்போது, அதன் அடர்த்தியைக் கண்டுவிட்டால் நிறையும் தெரிந்துவிடும்.

எல்லாப் பொருள்களும் ஒன்றையொன்று ஈர்க்கின்றன என்னும் உண்மையை நியூட்டன் 1687இல் தம் நூலில் நிறுவினார். பூமியின் அடர்த்தி நீரைப்போல் ஐந்து அல்லது ஆறு மடங்கு இருக்கக்கூடும் என்றும் அவர் உய்த்துணர்ந்தார். ஆயினும், அஃது அளந்து கண்ட முடிவன்று. 1774இல் மாஸ்கலின் என்னும் வானநூலறிஞர் ஸ்காத்லாந்து நாட்டின் ஷிஹாலியன் மலையருகே தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, மலையின் ஈர்ப்பால் அது சாய்வதை அளந்தார். அவ்வளவைகளைக் கொண்டு ஹட்டன் என்பார் கணக்கிட்டபோது, பூமியின் அடர்த்தி நீரைப்போல் ஏறத்தாழ நான்கரை மடங்கு எனக் கிடைத்தது. ஆனால், மலையின் உள்ளே எவ்வகைப் பாறை எவ்வளவு உள்ளது என்பதை யாரே துணிந்து கூறவல்லார்?

மலையை விடுத்து, நிறை நன்கு தெரிந்த உலோகக் குண்டுகளைக் கொண்டே ஈர்ப்பை அளக்கலாம் என எண்ணியவர் ஜான் மிச்செல் என்னும் பாதிரியார். அவர் அதற்கென ஒரு கருவியையும் அமைத்தார். ஆனால், சோதனை தொடங்கும் முன்னரே, 1793இல் காலமானார். அக்கருவி பின்னர்க் கேவண்டிஷின் கைக்கு வந்தது. அவர் அதன் பெரும்பகுதியைப் புதுக்கி அமைத்தார். அவ்வெண்ணமும் கருவியும் மிச்செலுக்கே உரியவை என்பதைத் தம் கட்டுரையின் தொடக்கத்திலேயே அவர் மறவாது குறித்தார்.

ஆறடி நீளமுள்ள மரக்கோல் ஒன்றின் இரு முனைகளிலும், இரண்டு அங்குல விட்டமுள்ள சிறிய ஈயக் குண்டுகள் தொங்கின. கோல் தன் நடுவில் ஒரு மெல்லிய கம்பியால் தொங்கவிடப்பட்டிருந்தது. கோல் ஒருபுறம் திரும்பினால் கம்பி முறுக்கேறும். அம்முறுக்குக் கோலைப் பழைய நிலைக்கே திருப்ப முயலும். ஆகவே, கோல் திரும்பிய அளவைக் கொண்டு, அதனைத் திருப்பிய விசையைக் கணக்கிடலாம். இதுவே முறுக்குத் தராசு. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 158 கிலோகிராம் நிறையுள்ள இரண்டு பெரிய ஈயக் குண்டுகளைச் சிறு குண்டுகளின் அருகே எதிரெதிர்ப் பக்கங்களில் கொண்டுவந்தால், ஈர்ப்பினால் கோல் சிறிது திரும்பும்.

சிறு குண்டைப் பூமியும் இழுக்கிறது. பெரிய குண்டும் இழுக்கிறது. பூமியின் இழுப்பே அதன் எடை. அது முன்னரே தெரிந்தது. பெரிய குண்டின் இழுப்பையும் அளந்துவிட்டால், அவ்விரண்டையும் ஒப்பிட்டு, இடைத்தொலைவுகளையும் கணக்கில் கொண்டு, பூமியின் நிறை அக்குண்டின் நிறையைப்போல் எத்தனை மடங்கு என அறியலாம். வழி எளிது, அளப்பதுதான் அரிது. ஏனெனில், பெரிய குண்டின் இழுப்புச் சிறு குண்டின் எடையில் ஏறத்தாழ 5 கோடியில் ஒரு பங்கே ஆகும்.

இத்துணைச் சிறிய விசையை அளக்கும்போது, ஒருவரின் உடற்சூடும் பகையாகிவிடும். அச்சூட்டினால் எழும் காற்றோட்டமே கோலை அசைத்துவிடும். ஆகவே, கேவண்டிஷ் கருவியை மரப்பெட்டியால் மூடி, அதனை ஒரு தனியறையில் வைத்துப் பூட்டினார். பெரிய குண்டுகளை வெளியே நின்றவாறே கயிற்றால் நகர்த்தினார். வெளியிலிருந்து விளக்கொளியைச் செலுத்தி, சுவரில் பொருத்திய தொலைநோக்கியின் வாயிலாக, ஓர் அங்குலத்தின் நூற்றில் ஒரு பங்கையும் காட்டும் அளவுகோலைப் படித்தார்.

அப்போதும் அவர் உள்ளம் அமைதி கொள்ளவில்லை. கோலை இழுப்பது ஈர்ப்புத்தானா, வேறு ஏதேனுமா என்று ஐயுற்றார். குண்டுகளைத் தாங்கிய இரும்புக் கம்பிகளில் காந்தத்தன்மை இருக்கலாமென்று கருதி, அவற்றை நீக்கிச் செப்புக் கம்பிகளை இட்டார். குண்டுகளை விளக்கினால் சூடேற்றியும் பனிக்கட்டியால் குளிர்வித்தும், வெப்பத்தினால் எவ்வளவு பிழை நேர்கிறது என்று பார்த்தார். மரப்பெட்டியின் ஈர்ப்பையுங்கூடக் கணக்கிட்டு, அது பொருட்படுத்தத் தக்கதன்று என உறுதி செய்துகொண்டார். 1797ஆம் ஆண்டு ஆகஸ்டில் தொடங்கிய சோதனைகள் மறு ஆண்டு மே திங்கள்வரை நீண்டன.

1798 ஜூனில் அவருடைய கட்டுரை இராயல் கழகத்தில் படிக்கப்பட்டது. பூமியின் அடர்த்தி நீரைப்போல் 5.48 மடங்கு என்பது அவர் கண்ட முடிவு. இன்று ஏற்கப்படும் மதிப்பு 5.51. இதிலிருந்து பூமியின் நிறை, 6 என்னும் எண்ணுக்குப் பின் 24 சுழிகளை இட்டால் வரும் கிலோகிராம் அளவிற்கு ஏறத்தாழச் சமமாகும். நிலத்தின் மேற்பரப்பிலுள்ள பாறைகளின் அடர்த்தியோ நீரைப்போல் மூன்று மடங்கையொட்டியே உள்ளது. ஆகவே, பூமியின் உட்பகுதி பாறையினும் அடர்த்தி மிக்கதாதல் வேண்டும் என்பதும் தெளிவாயிற்று.

கேவண்டிஷின் கணக்கில் ஒரு சிறு பிழை இருந்தது. பின்வந்த பிரான்சிஸ் பெய்லி என்னும் அறிஞர் அதனைக் கண்டறிந்தார். திருத்திய சராசரி 5.448 ஆயிற்று. கேவண்டிஷ் தம் அளவைகள் அனைத்தையும் மறைக்காமல் வெளியிட்டிருந்தமையாலேயே, பிறரால் அப்பிழையைக் காண முடிந்தது.

ஆயின், அவருடைய எல்லா ஆராய்ச்சிகளுக்கும் இந்நற்பேறு வாய்க்கவில்லை. மின்னூட்டங்களுக்கு இடையேயுள்ள விசையின் விதியைக் கூலும் 1785இல் வெளியிட்டார். மின்னோட்டத்தைப் பற்றிய விதியை ஓம் 1827இல் வெளியிட்டார். அவ்விரு விதிகளையும் கேவண்டிஷ் முன்னரே அறிந்திருந்தார்! மின்னோட்டத்தை அளக்கும் கருவி இல்லாத அக்காலத்தில், தம் உடலிலேயே மின்னதிர்ச்சியை ஏற்று, அதன் மிகுதி குறைவை ஒப்பிட்டு அவர் ஆராய்ந்தார். ஆனால், அக்குறிப்புகளை உலகிற்கு அளிக்காமல் தம்மிடமே வைத்துக்கொண்டார். 1810 பிப்ரவரி 24ஆம் நாள் அவர் மறைந்தபோது, அவையும் பேழையிலேயே தங்கிவிட்டன. மாக்ஸ்வெல் என்னும் பேரறிஞர் அவற்றைப் பதிப்பித்து வெளியிட்டது 1879ஆம் ஆண்டிலேதான். அதற்குள், அவர் கண்டவற்றை ஏனையோர் புதிதாக முயன்று கண்டறிய வேண்டியதாயிற்று.

கேவண்டிஷ் குடும்பத்தைச் சேர்ந்த டெவன்ஷயர் கோமகனின் நன்கொடையால் கேம்பிரிட்ஜில் எழுந்த ஆய்வுக்கூடம் 1874இல் திறக்கப்பெற்றது. அது கேவண்டிஷ் ஆய்வுக்கூடம் என வழங்குகிறது. எலக்ட்ரான் 1897இலும் நியூட்ரான் 1932இலும் அங்கேதான் கண்டறியப்பெற்றன. தனித்திருந்து ஆராய்ந்த அப்பெரியாரின் பெயரால், பலர் கூடி ஆராய்ந்து, கண்டதை உடனுக்குடன் பகிர்ந்துகொள்ளும் நிலையம் ஒன்று அமைந்தது பொருத்தமே.

சிறு பிழையையும் பொறாத அவருடைய நுண்மை, அளவுகோலைக் கையிலெடுக்கும் ஒவ்வொரு மாணவரும் பின்பற்றத் தக்கது. அளந்து கண்டதைப் பிறர் ஆராயுமாறு வெளிப்படுத்தலும் அறிஞர் கடமையே என்பதையும் அவர்தம் வாழ்க்கை உணர்த்துகின்றது.